எய்ட்ஸ் தடுப்பில் உலக நாடுகளுக்கு என்ன வேலை? கடலூர், புதுச்சேரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான ரெட் ரிப்பன் கிளப் பொறுப்பில் இருப்பதால், உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 நெருங்கினாலே என்னிடம் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். மாணவர்கள் கேட்பார்கள், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் கேட்பார்கள். தாழங்குடா, வீராம்பட்டினம் என்று கிராமக் கூட்டங்களுக்குப் போனால், கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திய செய்தி வந்த பிறகு கேள்விகளின் போக்கே மாறிவிட்டது. "எப்படிப் பரவும்?" என்பதைவிட "மாத்திரை வருமா?" என்பதுதான் இப்போது அதிகம். திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன்.

எச்.ஐ.வி.யும் எய்ட்ஸும் ஒண்ணுதானே மேடம்?

இல்லை. எச்.ஐ.வி. என்பது வைரஸ். அது உடலின் எதிர்ப்புச் சக்தியை வருடக்கணக்கில் அரித்து, காசநோய் போன்றவை வந்து ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் கொண்டுபோய் விடும் நிலைதான் எய்ட்ஸ். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் அந்த நிலைக்குப் போகாமலே மற்றவர்களைப் போல வேலை பார்த்து, பிள்ளை பெற்று, வயதாகி வாழலாம். பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்வது, தாயிடமிருந்து குழந்தைக்கு: பரவும் வழி இவ்வளவுதான். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கொசுக்கடியாலோ பரவாது.

நோய்னா டாக்டர் பாத்துக்கப் போறாரு. இதுல ஐ.நா. சபைக்கு என்ன வேலை?

ஆரம்பத்தில் பல அரசுகளும் அப்படித்தான் இருந்தன. 1981 ஜூனில் அமெரிக்காவில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானபோது, அது அவர்கள் ஊர்ப் பிரச்சினை என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். 1983இல் பாரீஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மொந்தாஞ்ஞியே குழுவினர் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். 1987இல் உலகச் சுகாதார நிறுவனம் ஜொனதன் மான் என்ற மருத்துவரின் தலைமையில் தனித் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை எய்ட்ஸைப் பற்றி விவாதித்தது. ஒரு நோயை அந்தச் சபை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது அதுவே முதல் முறை. 1988 ஜனவரியில் பல நாட்டுச் சுகாதார அமைச்சர்கள் லண்டனில் கூடினார்கள். அந்த ஆண்டு முதல்தான் டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம்.

ஐ.நா.வின் பல அமைப்புகளும் உலக வங்கியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்ததால், எல்லோரையும் சேர்த்து 1996இல் யுஎன்எய்ட்ஸ் அமைப்பு ஜெனீவாவில் தொடங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஜூலையில், போரையும் சமாதானத்தையும் பற்றிப் பேசும் பாதுகாப்புச் சபையே எய்ட்ஸைக் குறித்து 1308ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஒரு டாக்டரால் தன் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வைத்தியம் பார்க்க முடியும். மருந்து விலை, காப்புரிமை, கடல் தாண்டி வேலைக்குப் போகிறவரின் உரிமை இதெல்லாம் அவர் கையில் இல்லை. அரசுகள் உட்கார்ந்து பேசினால்தான் தீரும்.

இந்தியாவுலயே முதல்ல நம்ம தமிழ்நாட்டுலதான் கண்டுபிடிச்சாங்களாமே, உண்மையா?

உண்மை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி முதுகலை படித்துக்கொண்டிருந்த நிர்மலா, தன் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன் சொன்ன யோசனைப்படி பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சேர்த்துவைக்க வசதி இல்லாததால் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். பரிசோதிக்கும் வசதி வேலூர் சி.எம்.சி.யில்தான் இருந்தது. அங்கே எடுத்துப்போய்ப் பார்த்ததில் ஆறு மாதிரிகளில் வைரஸ் இருப்பது தெரிந்தது. உறுதி செய்யும் பரிசோதனை அமெரிக்காவில் நடந்தது. அதாவது, இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. முடிவே இரண்டு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து சொன்னதுதான்.

இதைச் சொன்னதும் "அப்ப தமிழ்நாட்டுலேருந்துதான் பரவுச்சா?" என்று கேட்பவர்கள் உண்டு. கிடையாது. இங்கே தேடினார்கள், அதனால் தெரிந்தது. மற்ற இடங்களில் அப்போது யாரும் தேடவில்லை. சீக்கிரம் தேடியதால்தான் தமிழ்நாடு 1994இலேயே மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கியது. நாட்டிலேயே அது முன்னோடி. இதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை, பெருமைப்படலாம்.

வெளிநாட்டுலேருந்து வந்த நோய்தானே? ஏர்போர்ட்டுலயே டெஸ்ட் வெச்சுத் தடுத்திருக்கலாமே?

செய்து பார்த்துவிட்டார்கள். 1980களில் இந்தியாவே வெளிநாட்டு மாணவர்களைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. அமெரிக்கா 1987இல் தொற்றுள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டு, 2010 ஜனவரியில்தான் எடுத்தது. அந்த 22 ஆண்டுகளிலும் தொற்று அந்த நாட்டுக்குள்ளேயே பரவிக்கொண்டுதான் இருந்தது. 1992இல் பாஸ்டனில் நடக்கவேண்டிய சர்வதேச எய்ட்ஸ் மாநாடு இந்தத் தடை காரணமாக ஆம்ஸ்டர்டாமுக்கு மாறியது. தடை போன பிறகு, 2012இல்தான் மாநாடு வாஷிங்டனுக்குத் திரும்பியது.

புதுச்சேரி எல்லையில் உள்ள ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் மது பாட்டிலைத் தேடிப் பிடிக்கிற மாதிரி வைரஸைப் பிடிக்க முடியாது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, சாதாரணப் பரிசோதனையில் தெரியாது. தெரிந்தவரைத் திருப்பி அனுப்பினால் அடுத்தவர் பரிசோதனைக்கே வரமாட்டார். எல்லையில் தடுப்பதால் பொதுச் சுகாதாரத்துக்கு ஒரு பயனும் இல்லை என்பதுதான் யுஎன்எய்ட்ஸின் நிலைப்பாடு. ஆனாலும் சில நாடுகள் விடவில்லை. வளைகுடா பற்றிய கேள்வி கீழே வருகிறது.

ஃப்ரீயா தர்ற மாத்திரை எந்த நாட்டுலேருந்து வருது? தரமா இருக்குமா அக்கா?

நம் நாட்டில் தயாராவதுதான். உலகத்தில் ஏழை, நடுத்தர நாடுகள் வாங்கும் எச்.ஐ.வி. மாத்திரைகளில் பெரும்பகுதி இந்தியக் கம்பெனிகள் செய்தது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஒருவர் வாங்கிப் போகும் மாத்திரையைப் போன்ற இந்திய மாத்திரையைத்தான் உகாண்டாவிலோ மொசாம்பிக்கிலோ ஒருவர் அதே இரவில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில். ஒரு நாளைக்கு ஒன்று.

இந்த நிலைமைக்கு வந்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1996 வாக்கில் மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் உயிர் பிழைக்கலாம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஒருவருக்கு ஒரு வருடச் செலவு 10,000 டாலருக்கு மேல். மருந்து பணக்கார நாடுகளில், நோயாளிகள் ஏழை நாடுகளில் என்று ஆகிவிட்டது. 2001 பிப்ரவரியில் சிப்ளா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீத், மூன்று மருந்தையும் சேர்த்து வருடத்துக்கு 350 டாலருக்கு, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தருவதாக அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழே. அதன்பிறகுதான் "ஏழைகளுக்கு வைத்தியம் சாத்தியமில்லை" என்ற பேச்சு நின்றது. 2002இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான குளோபல் ஃபண்ட் என்ற சர்வதேச நிதி அமைப்பு வந்தது. 2003இல், மற்ற நாடுகளின் எய்ட்ஸ் பணிக்கு அமெரிக்கா பணம் தரும் பெப்ஃபார் திட்டம் வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்தியாவும் இலவச மாத்திரை தர ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. நம் பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்தில் ரயிலேறித் தாம்பரம் போய்த்தான் வாங்கி வந்தார்கள்.

தரத்தைப் பற்றி: உலகச் சுகாதார நிறுவனம் 2001 முதல் இந்த மருந்துகளையும் அவை தயாராகும் ஆலைகளையும் சோதித்து ஒப்புதல் பட்டியல் வைத்திருக்கிறது. உலகுக்கே மாத்திரை அனுப்பும் ஆலைகள் அந்தச் சோதனையைத் தாண்டி வந்தவை. இலவசம் என்பதால் மட்டம் என்று நினைக்காதீர்கள்.

மத்தவன் கண்டுபிடிச்ச மருந்தை நாம காப்பியடிச்சதுதானே? அது தப்பில்லையா?

1970இல் இந்தியா இயற்றிய காப்புரிமைச் சட்டம் மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் காப்புரிமை தந்தது, மருந்துக்கே தரவில்லை. வேறு முறையில் அதே மருந்தைச் செய்வது இங்கே சட்டப்படி சரி. 1995இல் உலக வர்த்தக அமைப்பு வந்து, மருந்துக்கும் காப்புரிமை தரவேண்டும் என்றது. இந்தியா 2005இல் சட்டத்தை மாற்றியது. அதற்கு முன்பே, 2001 நவம்பரில் தோஹாவில் கூடிய நாடுகள், மக்கள் உயிரைக் காக்க ஒரு நாடு காப்புரிமையை மீறிக் கட்டாய உரிமம், அதாவது கண்டுபிடித்த கம்பெனியின் சம்மதம் இல்லாமலே மருந்தைச் செய்யும் அனுமதி, வழங்கலாம் என்று அறிவித்துவிட்டன. எய்ட்ஸ் மருந்து விலையால் ஆப்பிரிக்காவில் எழுந்த கோபம்தான் அந்த அறிவிப்புக்குப் பெரிய காரணம்.

2010இல் இன்னொரு வழியும் பிறந்தது. மருந்துக் காப்புரிமைக் கூட்டு அமைப்பு என்று ஒன்று ஜெனீவாவில் தொடங்கினார்கள். கண்டுபிடித்த கம்பெனி உரிமத்தைத் தானாகவே அதற்குக் கொடுக்கும், இந்தியக் கம்பெனிகள் அதனிடமிருந்து உரிமம் வாங்கிச் செய்யும். டோலுடெக்ராவிர் அப்படி வந்ததுதான். 2017இல் மூன்று மருந்து சேர்ந்த அந்த மாத்திரை வருடத்துக்குச் சுமார் 75 டாலர் என்று ஒப்பந்தமானது. அப்புறம் இன்னும் இறங்கியது. கண்டுபிடித்தவருக்குப் பணம் போகவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் பணத்துக்காக மருந்து கண்ணெதிரே இருந்தும் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மாத்திரை சாப்பிட்டா அடுத்தவங்களுக்குப் பரவாதாமே? எதை வெச்சுச் சொல்றாங்க?

ஒன்பது நாடுகளில், 1,763 தம்பதிகளிடம் நடந்த பெரிய ஆய்வை வைத்துச் சொல்கிறார்கள். ஒருவருக்குத் தொற்று இருக்கும், துணைக்கு இருக்காது. சென்னையிலும் புனேயிலும் இருந்த தம்பதிகளும் அதில் சேர்ந்திருந்தார்கள். தொற்றுள்ளவர் சீக்கிரமே மாத்திரை ஆரம்பித்தால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் முடிவு வந்தது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் பரவாது என்று அடுத்தடுத்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம், தொற்று தெரிந்த உடனேயே எல்லோருக்கும் மாத்திரை கொடுங்கள் என்றது. இந்தியா 2017இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெயர் தெரியாத அந்தத் தம்பதிகளுக்கு நாமெல்லாம் கடன்பட்டிருக்கிறோம்.

அமெரிக்கா பணத்தை நிறுத்திடுச்சாம். எங்க வீட்டுக்காரருக்கு மாத்திரை நின்னுடுமா?

நிற்காது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு மாத்திரையை மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும். பிறகு மாத்திரை கையில் இருந்தும் வேலை செய்யாது.

1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது உலக வங்கிக் கடனை நம்பித்தான் ஓடியது. தமிழ்நாட்டில் 1995 முதல் அமெரிக்க உதவியில் ஒரு பெரிய தடுப்புத் திட்டமும் நடந்தது. இப்போது அப்படி இல்லை. அந்தத் தேசியத் திட்டத்தின் 2021 முதல் 2026 வரையான ஐந்தாம் கட்டத்துக்கு ஒதுக்கிய 15,471.94 கோடி ரூபாயும் மத்திய அரசின் திட்டச் செலவு. மாத்திரை வாங்குவது நம் வரிப்பணத்தில், செய்வது நம் ஆலைகளில். வீட்டுக்காரர் வழக்கம்போல அடுத்த தேதிக்குப் போய் வாங்கட்டும்.

அப்ப நமக்கு இதுல பாதிப்பே இல்லைன்னு விட்டுடலாமா?

கூடாது. 2024 முடிவில் உலகில் 4.08 கோடிப் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தார்கள், அவர்களில் 3.16 கோடிப் பேர் மாத்திரை சாப்பிட்டார்கள். ஆப்பிரிக்காவில் பல நாடுகள் பெப்ஃபார், குளோபல் ஃபண்ட் இரண்டையும் நம்பித்தான் இருந்தன. 2025 ஜனவரியில் உதவி நின்றதும் அங்கே கிளினிக்குகள் பூட்டப்பட்டன, ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அமெரிக்க உதவி மொத்தமாக நின்றுபோனால் 2029க்குள் 60 லட்சம் புதிய தொற்றுகளும் 40 லட்சம் மரணங்களும் கூடுதலாக நேரும் என்று யுஎன்எய்ட்ஸ் கணித்தது. வெறும் எண்ணாக இதைப் படித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

நமக்குள்ள பாதிப்பும் உண்டு. ஹைதராபாதில் 2021இல் திறந்த, திருநங்கையருக்கான மித்ர் கிளினிக் அமெரிக்க உதவி நின்றதால் 2025 தொடக்கத்தில் மூடவேண்டி வந்தது. கூவாகத்துக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவமானப்படுத்தாத ஒரு ஆஸ்பத்திரி என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள். அடுத்தது விலை. கோடிக்கணக்கில் செய்வதால்தான் மாத்திரை மலிவாக இருக்கிறது. ஆப்பிரிக்கா வாங்குவது குறைந்தால் நம் ஆலைகளின் கணக்கும் உதைக்கும். பாதியில் மருந்து நின்றவரின் உடலில் பழகிப்போகும் வைரஸுக்கு பாஸ்போர்ட்டும் தேவையில்லை.

ஜெனீவாவுல வருஷா வருஷம் கணக்கு எடுக்குறாங்கன்னா என் பேரும் அங்க போகுமா?

போகாது. எத்தனை பேர் பரிசோதித்தார்கள், எத்தனை பேர் மாத்திரையில் இருக்கிறார்கள் என்ற மொத்த எண்ணிக்கையைத்தான் நாடுகள் அனுப்புகின்றன. பெயர், முகவரி, ஆதார் எதுவும் நாட்டை விட்டுப் போவதில்லை.

உள்ளூரில் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் உண்மையான பயம், அது எனக்குப் புரிகிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவோ வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லவோ பள்ளியில் இடம் மறுக்கவோ கூடாது.

துபாய் வேலைக்கு மெடிக்கல் போனேன். 'அன்ஃபிட்'னு போட்டுட்டாங்க, காரணம் சொல்லலை. எனக்கு இதுவா இருக்குமோ?

அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். வளைகுடா மெடிக்கலில் பழைய காசநோய்த் தழும்பு, மஞ்சள் காமாலை வைரஸ் என்று எதற்கும் அன்ஃபிட் போடுவார்கள். எச்.ஐ.வி.யும் அந்தப் பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்குப் போய் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார், முடிவு உங்களுக்கு மட்டும்தான். போக யோசனையாக இருந்தால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை.

தொற்று உறுதியானால் சவுதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆறிலும் வேலை விசா கிடைக்காது. சிங்கப்பூர், மலேசியா வேலை அனுமதிக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. நம் சட்டம் அந்த நாடுகளைக் கட்டுப்படுத்தாது. உலக நாடுகள் சேர்ந்து சாதித்தது எவ்வளவோ இருக்க, இந்த விஷயத்தில் தோற்றுக்கொண்டே இருக்கின்றன. கடலூர் மாவட்டத்தில் வெளிநாட்டுச் சம்பளத்தில் நிற்கும் வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். ஐந்து வருடம் உழைத்தவரை, புதுப்பிக்கும்போது எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனைக்காகக் கைப்பையோடு விமானம் ஏற்றிவிடுவது அநியாயம். அப்படித் திரும்பி வந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்காராமல் அந்த வாரமே ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகவேண்டும்.

ரெண்டு மாசம் மாத்திரையை நிறுத்திட்டுப் போனா மெடிக்கல்ல தெரியாதுன்னு ஏஜென்ட் சொல்றாரே?

பச்சைப் பொய். மெடிக்கலில் பார்ப்பது வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. மாத்திரை சாப்பிட்டாலும் நிறுத்தினாலும் அது ரத்தத்தில் இருக்கும், பரிசோதனை பாசிட்டிவ் என்றே காட்டும். நிறுத்தினால் வைரஸ் பெருகுவதுதான் மிச்சம். பணமும் போய், உடம்பும் போகும்.

பிரான்ஸ்ல இருக்குற அண்ணன்கிட்ட போகணும். அங்கயும் டெஸ்ட் உண்டா?

கிடையாது. பிரான்ஸில் நுழையவோ தங்கவோ எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதில்லை. அங்கே காப்பீட்டில் சேர்ந்த பிறகு இந்தச் சிகிச்சையை நீண்டகால நோய்ப் பட்டியலில் வைத்து முழுச் செலவையும் ஏற்கிறார்கள். போகும்போது கையிருப்பு மாத்திரையும் சிகிச்சைப் புத்தகத்தின் நகலும் எடுத்துப் போங்கள்.

புதுச்சேரிக்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: 2006 ஜூலை முதல் பிரான்ஸிலிருந்து கிளம்பும் விமான டிக்கெட்டுகளில் ஒரு சிறு வரி சேர்க்கிறார்கள். அந்த யோசனையிலிருந்துதான் பிரான்ஸ், பிரேசில், சிலி, நார்வே, பிரிட்டன் சேர்ந்து அதே ஆண்டு யூனிட்எய்ட் அமைப்பைத் தொடங்கின. குழந்தைகளுக்கான எச்.ஐ.வி. மருந்தின் விலையைக் குறைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பொங்கலுக்குப் பாரீஸிலிருந்து ஊருக்கு வரும் உங்கள் அண்ணனும் அந்த வரியைக் கட்டிவிட்டுத்தான் வருகிறார்.

நான் பாகூர்ல இருக்கேன். தெரிஞ்சவங்க கண்ணுல படாம கடலூர்ல வாங்கிக்கலாமா? புயல் வந்து பஸ் நின்னா என்ன பண்றது?

வாங்கலாம். புதுச்சேரிக்குத் தனி எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், தமிழ்நாட்டுக்குத் தனி. ஆனால் இரண்டும் மத்திய அரசின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவின் கீழ்தான், மாத்திரையும் ஒன்றுதான். இப்போது இருக்கும் மையத்தில் டிரான்ஸ்ஃபர் கேளுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் உங்களைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விடிந்தால் எய்ட்ஸ் தினம். அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர்ப் பக்கம் ஊர்களே மிதந்தன. அந்த மாதிரி நேரத்தில் உங்கள் மையத்துக்குத்தான் போகவேண்டும் என்று இல்லை. எந்த ஏ.ஆர்.டி. மையத்திலும் சிகிச்சைப் புத்தகத்தைக் காட்டி இடைக்கால மாத்திரை வாங்கலாம். அக்டோபர் பிறந்ததும் புத்தகத்தையும் மாத்திரையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள்.

கொரோனாவுக்கு ஒரே வருஷத்துல தடுப்பூசி வந்துச்சு. இதுக்கு 40 வருஷமா ஏன் வரலை?

எச்.ஐ.வி. உடலுக்குள் மாறிக்கொண்டே இருக்கிறது. மேலும் எதிர்ப்புச் சக்தி தரும் அணுக்களுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது. முயற்சி இல்லாமல் இல்லை. 2006இல் சென்னையில்கூட ஒரு தடுப்பூசியின் முதற்கட்டச் சோதனை நடந்தது. 2009இல் தாய்லாந்து ஆய்வில் சுமார் 31 சதவீதப் பாதுகாப்பு தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் அதைத் தொடர்ந்து நடந்த சோதனை பலன் இல்லை என்று 2020இல் நிறுத்தப்பட்டது.

நல்ல செய்தி வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. லெனகாபவிர் என்ற மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போட்டால் தொற்று வராமல் தடுக்கிறது. தடுப்பூசி அல்ல, தொற்று இல்லாதவர்களுக்கான தடுப்பு மருந்து. தென்னாப்பிரிக்கா, உகாண்டாவில் நடந்த ஆய்வில் இதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அமெரிக்காவில் வருடத்துக்கு 28,000 டாலர் விலை. 2027 முதல் 120 நாடுகளுக்கு வருடம் சுமார் 40 டாலருக்குத் தருவதாக அறிவித்திருப்பவை டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ என்ற இரண்டு இந்தியக் கம்பெனிகள். சிப்ளா கதை ஞாபகம் வருகிறதா?

இலங்கையில தாய்கிட்டேருந்து குழந்தைக்குப் பரவுறதையே நிறுத்திட்டாங்களாமே. நம்மால ஏன் முடியலை?

கியூபா 2015இல் முதலில் சாதித்தது. தாய்லாந்து 2016, மலேசியா 2018, இலங்கை 2019 என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. வைத்தியமே இல்லையென்றால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குப் பரவும். தாய் மாத்திரை சாப்பிட்டால் ஐந்துக்கும் கீழே வந்துவிடும். ஆக, ஒரு கர்ப்பிணியையும் தவறவிடாமல் பரிசோதிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இலங்கையில் கிராமம் வரை வரும் மருத்துவச்சிகள் பதிவேடு வைத்து எல்லோரையும் பார்த்துவிடுகிறார்கள். இந்தியாவில் பிறப்புகள் அதிகம், தனியார் ஆஸ்பத்திரியில் பார்க்கிறவர்களும் அதிகம், மாநிலத்துக்கு மாநிலம் நிலைமையும் வேறு. நம் பக்கம் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் முதல் மாதங்களிலேயே எடுத்துவிடுகிறார்கள். மறுக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுலேருந்து திரும்பி வந்த கணவர் ரிப்போர்ட்டைக் காட்ட மாட்டேங்கிறார். டாக்டர்கிட்ட கேட்டா எனக்குச் சொல்வாரா?

நீங்கள் கேட்ட உடனே சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. மேலே சொன்ன ரகசியக் காப்பு உங்கள் கணவருக்கும் உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. துணைக்குத் தொற்று ஏற்படும் ஆபத்து இருக்கிறது என்று மருத்துவரோ ஆலோசகரோ நம்பவேண்டும். சொல்லும்படி தொற்றுள்ளவருக்கு ஆலோசனை கொடுத்திருக்கவேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று உறுதியாகத் தெரியவேண்டும். "நான் சொல்லப்போகிறேன்" என்று அவரிடம் முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். அதன்பிறகு துணையை நேரில் வைத்து, ஆலோசனையோடு சொல்லலாம். எய்ட்ஸும் மனித உரிமையும் பற்றி ஐ.நா. வெளியிட்ட சர்வதேச வழிகாட்டி நெறிகளிலும் இதே போன்ற நிபந்தனைகள் இருக்கின்றன. தொற்றுள்ளவர் பெண்ணாக இருந்து, சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற நிலை இருந்தால் சட்டம் அவருக்கு விலக்கும் தருகிறது.

இதற்கெல்லாம் நாளாகும். அதுவரை அவர் ரிப்போர்ட்டுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே நம்பிக்கை மையத்துக்குப் போய் உங்கள் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். கணவரின் கையெழுத்து வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டாம், பணமும் வேண்டாம். இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், அதுவரை ஆணுறை இல்லாமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவரையும் மையத்துக்குக் கூட்டிப்போக முடிந்தால் ஆலோசகரே பேசிக்கொள்வார். பல வீடுகளில் கணவர் முதல்முறை வாயைத் திறந்தது அந்த அறையில்தான்.